ஜமாபந்தி மேசையும் காசிச் செட்டியின் கஜானாவும்

பிரிவு: ஊர் வரலாறு › கொங்கு நாடு

நொய்யல்கரையான் | புதன், இரவு 9.12

நேற்று எங்கள் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி, அதாவது வருடாந்தரக் கிராமக் கணக்குத் தணிக்கை. ஒரு பட்டாவில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரியப்பா பெயர் ஏறிவிட்டது. அதைத் திருத்தச் சொல்லி மூன்றாவது வருடமாக நடக்கிறேன். வாசலில் சாமியானா, வேப்பமரத்தடியில் மனு எழுதித் தருபவர், உள்ளே ஒரு நீள மேசை. அதன்மேல் துணியில் கட்டிய கிராமக் கணக்குகள் அடுக்கடுக்காக. அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகிறார். கிராம நிர்வாக அலுவலர் பக்கத்தில் நின்று பக்கம் புரட்டிக் கொடுக்கிறார். முகப்பில் பசலி ஆண்டு எழுதியிருக்கிறது. ஆங்கில வருடத்தில் 590 கழித்தால் பசலி. ஜூலை முதல் தேதி பிறக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் வேண்டாத வருடக் கணக்கு, நம் வருவாய்த் துறைக்கு மட்டும் வேண்டும்.

எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, இந்த மேசைக்கு இருநூறு வயது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் கூடாரத்துக்குள் போட்டு உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம்."

வீட்டுக்கு வந்தும் அது மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஓடாநிலை தெரியும், அரச்சலூர் தெரியும், 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலையைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டது தெரியும். ஆடிப் பதினெட்டுக்கு மாலை போடுகிறோம். அதற்கு மறுநாள் என்ன நடந்தது? சின்னமலை போன பிறகு கும்பெனியார் (கிழக்கிந்தியக் கம்பெனி) அரை நூற்றாண்டுக்கும் மேல் இங்கே உட்கார்ந்திருந்தார்கள். அந்த மேசைக்கு முன்னால் நின்ற குடியானவனிடம் யார் யார் எவ்வளவு எடுத்தார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். வீரவணக்கம் வேண்டாம், கணக்கு வேண்டும்.

பழைய கோப்பு | புதன், இரவு 10.05

கணக்குக் கேட்டால் ஒரு பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்: காசிச் செட்டி.

முதலில் பின்னணி. 1792 உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) திப்புவிடமிருந்து கும்பெனிக்குப் போயின. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் கோயம்புத்தூர்ச் சீமையும் போயிற்று. ஆரம்பத்தில் வடபகுதிக்கு மேஜர் மக்லியோட், தென்பகுதிக்கு ஹர்டிஸ் என்று இரண்டு கலெக்டர்கள். சில ஆண்டுகளில் இரண்டையும் சேர்த்து ஒரே ஜில்லா ஆக்கினார்கள். அதன் கலெக்டராகப் பத்தாண்டு அளவுக்கு இருந்தவர் வில்லியம் காரோ. 1812-இல் நீலகிரி மலைமேல் அளவையாளர்களை அனுப்பியவர் இவர்தான்.

இந்தக் காரோவின் கச்சேரியில் (கலெக்டர் அலுவலகத்தில்) கஜானாப் பொறுப்பு காசிச் செட்டியிடம் இருந்தது. பதவி சிறியது, பிடி பெரியது. கிஸ்திப் பணம் (நிலவரித் தவணை) ஊரிலிருந்து கச்சேரிக்கு வந்து, அங்கிருந்து சென்னைக்குப் போகும்வரை சும்மா பெட்டியில் தூங்காது அல்லவா? அது செட்டியின் வியாபாரத்துக்கு முதலாகிப் போய்விட்டுத் திரும்பி வந்தது, திரும்பி வந்த அளவுக்கு. சிப்பந்திகளில் யார் அவர் ஆள், யார் அவருக்கு வேண்டாதவர் என்பது ஜில்லா முழுக்கத் தெரிந்திருந்தது. 1810-களின் நடுவில் விஷயம் முற்றி, கும்பெனி அதிகாரிகளான தாமஸ் மன்றோவையும் ஜான் சல்லிவனையும் விசாரணைக்குப் போட்டார்கள்.

விசாரணையில் காசிச் செட்டி மாட்டிக்கொண்டார். மாகாணம் முழுவதுமே இதே நோயில்தான் இருந்தது. 1822-இல் வந்த 9-ஆம் ரெகுலேஷன் என்ன சொன்னது தெரியுமா? வருவாய்ச் சிப்பந்திகளின் லஞ்சம், கையாடல், பலவந்த வசூல் மூன்றையும் கலெக்டரே முதலில் விசாரிக்கலாம் என்றது. கலெக்டரின் மூக்குக்குக் கீழே பத்து வருடம் கொள்ளை போன ஜில்லாவும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது. அதற்கு மருந்து கலெக்டருக்கு மேலும் அதிகாரம். அப்போது மன்றோ சென்னை கவர்னர்.

சிப்பம் | புதன், இரவு 11.20

பழைய கோப்பு ஐயா "வியாபாரம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது புகையிலை வியாபாரம். அதை நான் சொல்கிறேன், எங்கள் குடும்பம் நம்பியூர்ப் பக்கம் நான்கு தலைமுறையாகப் புகையிலைக் காட்டில் நின்ற குடும்பம்.

மற்ற வெள்ளாமை சாகும் சப்பைத் தண்ணீரில் புகையிலை செழிக்கும். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் மற்றவர்கள் தலையில் கைவைப்பார்கள், எங்கள் அப்புச்சி நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். நாற்று நட்டு, கொழுந்து கிள்ளி, பக்கக் கிளை ஒடித்து, இலை தடித்துப் புள்ளி விழுந்ததும் வெட்டி, வெயிலிலும் பனியிலும் காய வைத்துப் பாடம் போட வேண்டும். அடுக்கின இலைப்போருக்குள் கையை நுழைத்தால் சூடு தெரியும். சூடு மிஞ்சினால் கருகிவிடும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். நள்ளிரவில் எழுந்துபோய்ப் பிரித்து மாற்றி அடுக்குவார்கள். அந்தக் கார வாசனை போர்வையை விட்டு வருடம் முழுக்கப் போகாது. கடைசியில் கட்டுகிற கட்டுத்தான் சிப்பம்.

இப்படிச் செய்த சிப்பத்தை விளைவித்தவன் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது என்று கும்பெனியார் சட்டம் போட்டார்கள். நம் பக்கத்துப் புகையிலை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையாளத்துக்குப் போகும்; அங்கே அதற்கு நல்ல கிராக்கி. அந்த வழியைக் கும்பெனி தன் ஏகபோகம் ஆக்கிக்கொண்டது. கும்பெனி வைத்த விலைக்குக் கும்பெனிக் கிட்டங்கியில் போட வேண்டும். மலையாளத்தில் அதைப் பல மடங்கு விலைக்கு அதுவே விற்கும். ராத்திரியோடு ராத்திரியாகப் பொதி ஏற்றிக் கணவாய் தாண்டினால் அதற்குப் பெயர் கடத்தல்.

இந்த ஏற்பாட்டுக்குள் காசிச் செட்டி போன்ற ஆள் நுழைந்தால் என்ன ஆகும்? எடை போடுபவன் அவன் ஆள், தரம் பிரிப்பவன் அவன் ஆள், பணம் எண்ணிக் கொடுப்பவன் அவனே. "இலை ஈரம்" என்று ஒரு சொல் போதும், விலை இறங்கிவிடும். இது எந்த ஆவணத்திலும் பார்த்துச் சொல்வது அல்ல. விற்பதற்கு ஒரே வாசல் இருந்தால் வாசல்காரன் என்ன செய்வான் என்பது புகையிலைக்காரனுக்கு ஏட்டில் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. 1813-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கும்பெனியின் இந்திய வணிக ஏகபோகத்தை ரத்து செய்தது என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். 1833-இல் வியாபாரத்தையே விடச் சொல்லிவிட்டார்கள். நம் புகையிலை ஏகபோகம் மட்டும் 1850-களின் தொடக்கம் வரை அசையவில்லை. சீமை வியாபாரியின் கழுத்தில் இருந்த கயிறு அவிழ்ந்தது. நம்பியூர்க்காரன் கழுத்தில் இருந்ததைப் பற்றி அங்கே யாருக்கு என்ன கவலை?

கருங்கல்பாளையம் | வியாழன், காலை 7.40

எல்லோரும் காசிச் செட்டியை நம் ஆள் என்பதை மறந்துவிட்டு எழுதுகிறீர்கள். எடை போட்டவனும் நம் ஆள், ஏமாந்தவனும் நம் ஆள். வெள்ளைக்காரன் ஜில்லாவுக்கு இரண்டு பேரோ மூன்று பேரோ. மீதி தாசில்தார், சிரஸ்தார் (கச்சேரித் தலைமை எழுத்தர்), மணியக்காரர், கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை), சேவகன் எல்லாம் யார்? மைசூர்க்காரன் ஆண்ட காலத்தில் மட்டும் தேனும் பாலும் ஓடியதா? சின்னமலையின் கதையே மைசூருக்குப் போன வரிப்பணத்தைச் சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் மறித்ததில்தான் தொடங்குகிறது. வரி கொடுமை இல்லை என்றால் மறிப்பானேன்?

கும்பெனி அதிகாரி ரீடும் மன்றோவும் பாராமகாலில் ஊர் ஊராகச் சென்று நிலத்தை அளந்து, இடைத்தரகனை ஒதுக்கிவிட்டுக் குடியானவன் கையிலேயே பட்டாவைக் கொடுத்தார்கள். ரயத்துவாரி என்பது அதுதானே? நீங்கள் இன்று திருத்தக் கேட்டு நடக்கிற அந்தப் பட்டா, அண்ணா, அவர்கள் கொடுத்ததுதான்.

ஓலைக்கணக்கு | வியாழன், காலை 9.15

கர்ணம் என்ற சொல் வந்துவிட்டதால் நான் பேசியாக வேண்டும். எங்கள் வீட்டில் 1980 வரை கர்ணம் வேலை இருந்தது. அந்த வருடம் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளை ஒரே உத்தரவில் எடுத்தது. அதற்கு முன்பு எத்தனை தலைமுறை என்று எங்களுக்கே தெரியாது. பரணில் ஒரு மூங்கில் கூடை ஓலைக்கட்டு இருந்தது. கறையான் பாதி தின்றது, மீதியைப் பொங்கலுக்கு அடுப்பில் போட்டோம். அந்தப் பாவத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

கருங்கல்பாளையத்தார் சொன்னதில் பாதி சரி. தின்றவர்களில் நாங்களும் உண்டு. எப்படித் தின்றோம் என்பதைச் சொன்னால்தான் மீதிப் பாதி புரியும்.

ஊர்க் கணக்கு பனையோலையில், தமிழில். கச்சேரிக்குப் போனால் அது மராத்திக்கு மாறும். ஏனென்றால் சிரஸ்தார் கூட்டம் பெரும்பாலும் மராத்தியில் எழுதிப் பழகிய கூட்டம். அங்கிருந்து சென்னை ரெவினியூ போர்டுக்குப் போகும்போது ஆங்கிலம். ஒரு வயல் மூன்று மொழி தாண்டிப் போகிறது. ஒவ்வொரு மொழிக்கும் நடுவில் ஒரு இடுக்கு, இடுக்குதோறும் ஒரு கை. கலெக்டருக்கு முதல் இரண்டும் தெரியாது. தெரிந்தவன் சொல்வதுதான் அவருக்குக் கணக்கு. நஞ்சையைப் புஞ்சை என்று எழுதலாம், வெள்ளாமை நின்ற காட்டைத் தரிசு என்று எழுதலாம், அந்தத் தள்ளுபடியைக் குடியானவனுக்குச் சொல்லாமலே விட்டு அவனிடம் முழுக் கிஸ்தியை வாங்கலாம். நன்றாகக் கவனியுங்கள்: இதில் சர்க்காருக்கும் நட்டம், குடியானவனுக்கும் நட்டம். நடுவில் இருப்பவனுக்கு மட்டும் விளைச்சல்.

அடுத்தது காசு. அன்றைக்கு நாட்டில் ஒரு காசா ஓடியது? வராகன், மைசூர்ப் பணம், ரூபாய், துட்டு என்று ஒரு பையில் நாலு ராஜ்யம் இருக்கும். கஜானாவில் சராப்பு கருங்கல் பலகைமேல் ஒவ்வொரு காசாகச் சுண்டுவான். ஒலி கேட்பான், உரைத்துப் பார்ப்பான், ஒதுக்குவான். "தேய்ந்த காசு, வட்டம் பிடிக்கும்" என்பான். எத்தனை வட்டம் (கழிவு) என்பது அவன் வாய்க்குள் இருக்கிறது. காலையில் எருமை விற்றுப் பத்துப் பணம் கொண்டுவந்தவனுக்கு ஒன்பதுக்குத்தான் வரவு விழும். 1818-இல் சென்னை மாகாணத்தில் ரூபாயைப் பொது நாணயம் ஆக்கி, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மதிப்புக் கட்டினார்கள். அதற்குமுன் சராப்பு வைத்ததுதான் சட்டம்.

ரயத்துவாரியில் இடைத்தரகன் இல்லை என்கிறீர்கள். ஜமீன்தார் இல்லை, அவ்வளவுதான். ஒரு ஆளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பத்து ஆளை வைத்தார்கள். பட்டா வருடா வருடம் புதிதாகக் கொடுத்ததால் வருடா வருடம் பத்துப் பேரையும் பார்க்க வேண்டியிருந்தது. எங்களுக்குக் கும்பெனி கொடுத்த சம்பளத்தில் எங்கள் வீட்டு அடுப்பு எரியாது என்பது கும்பெனிக்குத் தெரியாததா?

மேட்டாங்காட்டுப் பெண் | வியாழன், பகல் 1.30

பள்ளி இடைவேளையில் எழுதுகிறேன், சுருக்கமாக.

ஓலைக்கணக்கு ஐயா சொன்ன கடைசி வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. கருங்கல்பாளையம் அண்ணா "திருடியவன் நம் ஆள்" என்கிறார். சரி. திருட்டு என்று எதற்குப் பெயர் வைத்தார்கள்? கஜானாவுக்கு வராமல் நடுவில் போனது திருட்டு. கஜானாவுக்கு வந்து, கடல் தாண்டிப் போனது வருவாய். குடியானவன் மடியிலிருந்து இரண்டும் ஒரே மாதிரித்தான் போயின.

மன்றோவே இதற்குச் சாட்சி. 1807-இல், ஆந்திரப் பக்கத்து ஒப்படைப்பு மாவட்டங்களைப் பற்றி எழுதும்போது, தீர்வை மொத்த விளைச்சலில் 45 பங்குக்குச் சமம், அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்றார். நூற்றுக்கு 45! மேலிடம் அப்போது கேட்கவில்லை. அவர் கவர்னராக வந்த 1820-க்குப் பிறகுதான் குறைந்தது. அந்தப் பதின்மூன்று வருடமும் வாங்கிய தொகையை எந்தக் கமிஷன் விசாரித்தது?

சிப்பம் | வியாழன், பகல் 2.02

அம்மணி, இதைத்தான் நான் நேற்று முழுக்கச் சொல்ல முயன்றேன். நீங்கள் நான்கு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

கருங்கல்பாளையம் | வியாழன், பகல் 2.48

45 என்பது ராயலசீமைக் கணக்கு. கொங்குக்கு அதை இழுக்காதீர்கள். இங்கே பெரும்பாலும் புஞ்சைக் காடு. ஒரு வள்ளம் காட்டுக்கு, ஏறக்குறைய 4 ஏக்கருக்கு, வரி நஞ்சையைப்போல இருக்காது.

மேட்டாங்காட்டுப் பெண் | வியாழன், மாலை 6.10

ஒப்புக்கொள்கிறேன், விகிதத்தை அப்படியே தூக்கி இங்கே வைக்கக் கூடாது. ஆனால் கொங்குக்கென்று ஒரு தனிக் கொடுமை இருந்தது: கிணறு.

நம் நாட்டில் காடு வேறு, தோட்டம் வேறு. வானம் பார்த்தது காடு. கிணறு வெட்டிக் கவலை ஏற்றம் கட்டி இறைத்தால் தோட்டம். பாறையை உடைத்து அறுபது எழுபது அடி இறங்கியவன் தன் காசில், தன் உடம்பில் இறங்கினான். காளையைப் பின்னால் நடத்தி, தோல் பறி கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீர் மொண்டு, கயிற்றின்மேல் ஆள் உட்கார்ந்து சரிவில் காளையை ஓட்டிக் கீழே போனால் ஒரு பறித் தண்ணீர் வாய்க்காலில் விழும். விடிவதற்குமுன் பூட்டினால் வெயில் ஏறும்வரை. அதில் கிடைத்த பசுமைக்குக் கும்பெனியார் தோட்டத் தீர்வை என்று புஞ்சைத் தீர்வையைவிடப் பல மடங்கு போட்டார்கள். கிணறு உன்னுடையது, தண்ணீர் உன்னுடையது, மாடு உன்னுடையது, வரி அவனுடையது. சர்க்கார் அதில் ஒரு கூடை மண் அள்ளியதில்லை.

விளைவு என்னவாக இருக்கும்? புதுக் கிணறு வெட்ட யோசிப்பார்கள். பஞ்ச பூமியில் கிணறு வெட்டுவதற்கு அபராதம் போட்ட மாதிரி. சொந்தச் செலவில் செய்யும் மேம்பாட்டுக்குக் கூடுதல் வரி கூடாது என்று 1850-களில் மாறியது. அதற்குள் ஐம்பது வருடம். இதை எந்தச் செட்டியின் தலையில் கட்டுவது?

தறிச்சத்தம் | வியாழன், இரவு 8.25

எல்லோரும் காட்டையும் தோட்டத்தையும் பேசுகிறீர்கள். நிலமே இல்லாதவனையும் விடவில்லை. நான் சேலம், தறிக்காரர் வீடு.

சேலத்தில் கும்பெனிக்குக் கமர்ஷியல் ரெசிடெண்ட் என்று ஒரு துரை இருந்தார். வேலை, துணி வாங்கி ஏற்றுமதி செய்வது. நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பார்கள். முன்பணம் வாங்கியவன் கும்பெனிக்கு நெய்து முடிக்கும்வரை வெளியாருக்கு நெய்யக் கூடாது. துணியைப் பிரித்துப் பார்த்து, மடித்து, "இரண்டாம் தரம்" என்று ஒதுக்குபவனும் கும்பெனி ஆள். கடன் அடுத்த பாவுக்குத் தாண்டும், அங்கிருந்து அதற்கடுத்த பாவுக்கு. சிப்பம் அண்ணா சொன்ன ஒற்றை வாசல்தான் இங்கும். இதற்கு மேல் தறிக்கு வரி, மோதர்பா என்று. தறி ஓடினாலும் வரி, நின்றாலும் வரி.

இந்தத் துரைகளில் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சேலம் கோயம்புத்தூர் பக்கத்தில் பர்பன் பருத்தியைப் பரப்பியவர், பிறகு வேலையை விட்டுப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். தாது எங்கள் கஞ்சமலைப் பக்கத்தது. கெட்டவர் என்று சொல்லவில்லை, ஊக்கமுள்ள மனிதர். ஆனால் 1833-இல் கும்பெனி வியாபாரத்தை மூடியபோது முன்பணமும் நின்றது. அதற்குள் மான்செஸ்டர்த் துணி வந்து இறங்கிவிட்டது. கட்டிப்போட்டவன் கயிற்றை அவிழ்க்காமலே போய்விட்டான் என்று என் பாட்டி வேறு ஒரு விஷயத்துக்குச் சொல்வாள், இதற்கும் பொருந்துகிறது.

பழைய கோப்பு | வியாழன், இரவு 9.50

இழை இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லை. கருங்கல்பாளையத்தாருக்கு என்று ஒரு கோப்பை எடுத்து வைத்திருக்கிறேன்.

1854-இல் லண்டன் நாடாளுமன்றத்தில், சென்னை மாகாணத்தில் வரி வாங்கச் சித்திரவதை செய்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. கும்பெனி வழக்கம்போல முதலில் மறுத்தது. பிறகு சென்னையில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்டு ஒரு கமிஷன் உட்கார்ந்தது. 519 பேர் நேரில் வந்தார்கள், 1,440 பேர் எழுதினார்கள். ரயில் இல்லாத காலத்தில் கட்டுச்சோற்றோடு பல நாள் நடந்து வந்து, ஒரு துரைக்கு முன்னால் தன் கைவிரலை நீட்டிக் காட்டுவது என்றால் அது எத்தனை நாள் ஆத்திரமாக இருந்திருக்கும்?

விரலைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த அறிக்கையில் ஆங்கில எழுத்தில் நம் சொற்களே கிடக்கின்றன. கிட்டி: ஒரு பக்கம் கட்டிய இரண்டு கட்டைகள், நடுவில் விரலையோ கையையோ வைத்து மறுபக்கத்தை நெருக்குவது. அண்ணாந்தாள்: கழுத்தையும் காலையும் ஒரே கயிற்றில் சேர்த்துக் குனியக் கட்டி வெயிலில் நிறுத்துவது, சில சமயம் முதுகில் கல். இவ்வளவும் பெரிய தொகைக்கு அல்ல, ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் பாக்கிக்கு. "கிடுக்கிப்பிடி விசாரணை" என்று செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கட்டைதான் கண்முன் வருகிறது.

1855-இல் அறிக்கை வந்தது. சித்திரவதை உண்மை என்று ஒப்புக்கொண்டது. செய்தவர்கள் யார் என்று சொன்னது? சுதேசிச் சிப்பந்திகள். ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை, மக்களே துரைகளை நம்பித்தான் இருக்கிறார்கள் என்று எழுதினார்கள். நீங்கள் காலையில் எழுதியதும் இந்தத் தீர்ப்புத்தான், கருங்கல்பாளையத்தாரே. நூற்றெழுபது வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டார்கள்.

கருங்கல்பாளையம் | வியாழன், இரவு 10.31

குத்தல் புரிகிறது ஐயா. இருந்தாலும் விடமாட்டேன். கிட்டியைப் பிடித்த கை நம் கை. "மேலிடத்து உத்தரவு" என்று சொல்லிக்கொண்டு பக்கத்து ஊர்க்காரனின் விரலை நசுக்கியவனுக்கு மன்னிப்புக் கொடுக்க நான் தயாராக இல்லை. தலைமுறை தலைமுறையாக அவன் வீடு பெருத்தது, நசுங்கியவன் காடு ஏலம் போனது. அந்தக் காட்டை யார் எடுத்தார்கள் என்று நம் ஊர்களில் கேட்டுப் பாருங்கள், யாரும் இங்கிலாந்து என்று சொல்லமாட்டார்கள்.

ஓலைக்கணக்கு | வியாழன், இரவு 10.55

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டுக் கிணற்றுமேட்டில் ஒரு காடு இருக்கிறது. அதை "பாக்கிக்காடு" என்றுதான் சொல்லுவோம். சின்ன வயதில் அது ஏதோ மிச்சம் கிடந்த காடு என்று நினைத்திருந்தேன்.

மட்டுறுத்துநர் | வெள்ளி, காலை 6.30

சாதிப் பெயர் சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. காசிச் செட்டி என்பது ஒரு தனி மனிதரின் பெயர். ஒரு சமூகத்தின்மேல் போட வேண்டிய வழக்கு அல்ல.

சிப்பம் | வெள்ளி, காலை 8.15

ஒரு சந்தேகம். காசிச் செட்டியை விசாரித்த சல்லிவன்தானே ஊட்டியை உண்டாக்கினவர்? கோத்தகிரிப் பக்கம் அவருக்கு நினைவகம் எல்லாம் இருக்கிறதே. அவர் கை சுத்தம்தானா?

பழைய கோப்பு | வெள்ளி, காலை 11.00

அதே சல்லிவன்தான். காரோவுக்குப் பின் கோயம்புத்தூர்க் கலெக்டர், 1830 வரை. அப்போது நீலகிரியும் இந்த ஜில்லாவைச் சேர்ந்தது. 1819-இல் மலையேறினார், கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார், உதகையில் ஏரி வெட்டினார், சீமைக் காய்கறி பயிர் செய்தார். கூடவே தோடர்களின் மேய்ச்சல் பூமியைச் சொற்ப விலைக்கு வாங்கிச் சேர்த்தார். மலைமேல் மற்ற ஐரோப்பியர்கள் எல்லோரையும்விட அவரிடம்தான் அதிக நிலம் இருந்தது. ஆனால் மலை நிலம் தோடர்களுக்கே உரியது, சர்க்காருக்கு அல்ல என்று மேலிடத்தோடு மல்லுக்கு நின்றவரும் அவர்தான். இரண்டும் ஒரே ஆள். எனக்கு அவர்மேல் மரியாதையும் உண்டு, எரிச்சலும் உண்டு. எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல்தான் இதுவரை எழுதவில்லை.

பிற்காலத்தில் சென்னை ரெவினியூ போர்டு வரைக்கும் உயர்ந்த பிறகு இந்த ஆட்சியைப் பற்றி அவர் சொன்ன ஒரு உவமை இருக்கிறது. நம் முறை ஒரு கடற்பஞ்சு. கங்கைக் கரையில் இருக்கும் நல்லதையெல்லாம் உறிஞ்சித் தேம்ஸ் கரையில் பிழிகிறது என்றார். நொய்யல் கரையைச் சொல்லவில்லை, ஆனால் பஞ்சைப் பிடித்துப் பழகிய கை இங்கே பழகியது.

மேட்டாங்காட்டுப் பெண் | வெள்ளி, பகல் 1.20

எட்டாம் வகுப்பில் இன்று இந்த உவமையைச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், உறிஞ்சும்போது பஞ்சில் கொஞ்சம் தங்குமே, அது யாருக்கு?" என்றான். காசிச் செட்டியின் பெயரைப் பலகையில் எழுதினேன்.

தறிச்சத்தம் | வெள்ளி, மாலை 5.05

அந்தப் பையனுக்கு என் சார்பில் ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுங்கள். நொய்யல்கரையான், இழையைத் தொடங்கிவிட்டு எங்கே போனீர்கள்? பட்டா திருத்தம் என்ன ஆயிற்று?

நொய்யல்கரையான் | வெள்ளி, இரவு 9.40

எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இன்று மறுபடியும் போய் வந்தேன். ஜமாபந்தி மேசையைப் பிரித்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள், சாமியானாக்காரர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். என் மனுவுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள்: "பரிசீலனையில் உள்ளது." சீட்டைக் கொடுத்தவர் மேசை விளிம்பில் விரலால் இரண்டு முறை தட்டிவிட்டு என் சட்டைப் பையைப் பார்த்தார். நான் வேப்பமரத்தடிக்குப் போய் மேல்முறையீட்டு மனு ஒன்று எழுதச் சொன்னேன். திங்கட்கிழமை கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகிறேன். ஓலைக்கணக்கு ஐயா, அடங்கலில் (ஊர்ப் பயிர்க் கணக்கில்) எங்கள் கிணற்றை எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். உங்களால் வாசித்துச் சொல்ல முடியுமா?

ஓலைக்கணக்கு | வெள்ளி, இரவு 9.58

அனுப்புங்கள். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.